ஒத்திகை இல்லாத நாடகமும் சங்கரதாஸ் சுவாமிகளும்

பங்குனி பிறந்துவிட்டால் மேலூர்ப் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும் சுவர்களில் நாடக நோட்டீஸ் ஏறிவிடும். நடுவில் ‘வள்ளி திருமணம்’ என்று கொட்டை எழுத்து, சுற்றிலும் நடிகர்களின் முகங்கள். அந்த முகங்களில் பாதிப் பேர் அன்றைக்கு இரவு மேடைக்கு வந்துதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ராஜபார்ட் (கதாநாயக வேடம்) புதுக்கோட்டைக்காரர், ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) மதுரை, பபூன் (கோமாளி) திண்டுக்கல், ஆர்மோனியம் இன்னோர் ஊர் என்று அமைந்திருக்கும். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. இரவு 10 மணிக்குக் கூடி, விடிய விடிய ஆடி, வெளுத்ததும் ஆளுக்கொரு பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். மறுநாள் வேறு ஊர், வேறு ஜோடி. இதற்குத்தான் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று பெயர். ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியாக ஆள் பிடித்துச் சேர்ப்பதால் வந்த பெயர் அது.

முன்பின் பார்க்காத ஒன்பது பேர் எட்டு மணி நேரம் தடுமாறாமல் ஒரு கதையை எப்படி நடத்துகிறார்கள்? இதற்கான விடை சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாடத்தில் இருக்கிறது. நவம்பர் 13 அவருடைய நினைவு நாள். மாலை போட்டு, ‘தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர்’ என்று புகழ்ந்துவிட்டுக் கலைந்துவிடுகிறோம். அந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தது என்ன, அது இன்றைக்கும் எந்த இடத்தில் பிடிமானமாக நிற்கிறது, எந்த இடத்தில் கழன்றுகொண்டு வருகிறது என்பதைப் பிரித்துப் பார்ப்பதும் ஒரு குருபூஜைதான்.

வரலாற்றைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். 1867 செப்டம்பர் 7 அன்று, தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அப்பா தாமோதரத் தேவர் ராமாயணம் சொல்வதில் பேர்போனவர். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பு படித்தார். தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கு எழுதினார். 24 வயதில் நாடகத்துக்கு வந்தார். எமன், இரணியன், இராவணன், சனீஸ்வரன் என்று பயமுறுத்துகிற வேடங்களாகவே கட்டினார். சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனபோது, எதிரே வந்த ஒரு பெண் பயந்துபோய் உயிரை விட்டதாகவும், அன்றோடு அவர் அரிதாரம் பூசுவதை நிறுத்தியதாகவும் நாடகக்காரர்கள் சொல்வார்கள். கதை எப்படியோ, வேடத்தை விட்டதும் அவர் கையில் எஞ்சியது எழுத்தும் வாத்தியார் வேலையும்தான். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் கற்ற லயமும் அத்துடன் சேர்ந்தது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று பெயர் பெற்ற மேதை அவர். சுவாமிகளின் வண்ணங்களில் சந்தம் எங்கும் இடறாது. தாளக்காரரிடம் பாடம் கேட்ட புலவர் எழுதியது என்பது மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு படித்தால் தெரியும்.

1918இல் மதுரையில் அவர் தொடங்கியதுதான் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’. பெயருக்குள்ளேயே மீனாட்சி உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு முன்பும் ‘சமரச சன்மார்க்க நாடக சபை’ நடத்தியிருக்கிறார், பல கம்பெனிகளில் வாத்தியாராக இருந்திருக்கிறார். சிறுவர்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தியதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் தேறின நடிகர்களை வைத்து மேய்ப்பது பெரும்பாடு. நேரத்துக்கு வரமாட்டார்கள். எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டுத் தமக்குக் கைதட்டல் கிடைக்கும் பாட்டை நுழைப்பார்கள். சம்பளத் தகராறு வந்தால் பாதி ஊரில் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். சிறுவர்கள் அப்படி இல்லை. ஒப்பந்தம் போட்டுக் கம்பெனி வீட்டிலேயே சாப்பாடும் படுக்கையும் கொடுத்து வைத்துக்கொண்டால், பாடத்தைச் சொன்னபடி பாடுவார்கள்.

பயிற்சியில் ஒரு சூட்சுமம் இருந்தது. புதிதாக வந்த பையன் முதலில் கூட்டத்தோடு நிற்பான், தோழியாக வருவான், சின்ன பாலபார்ட் கட்டுவான். ஆனால் தினமும் காலையில் எல்லார் பாட்டும் அவன் காதில் விழும். ஆறே மாதத்தில் வள்ளி பாட்டும் தெரியும், நாரதர் பாட்டும் தெரியும், யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் யாராவது ஒருவன் அந்த வேடத்தைக் கட்டிவிடுவான். எல்லோருக்கும் எல்லாப் பாடமும் தெரியும் என்ற இந்த ஒன்றுதான், பிறகு கம்பெனிகள் இல்லாத காலத்தில் ஸ்பெஷல் நாடகத்தைத் தாங்கி நிறுத்தியது.

பாலர் கம்பெனியின் பெரிய கண்டம் மகரக்கட்டு. 13, 14 வயதில் குரல்நாண் நீண்டு தடிக்கும்போது பையனின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். நேற்றுவரை ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் ஏற ஏறச் சுருதி உயரும்) சாவித்திரி பாடியவன் இன்றைக்கு வாயைத் திறந்தால் இரண்டாக உடைந்து வரும். சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒன்றிரண்டு வருஷம். அந்த நேரத்தில் கட்டாயப்படுத்திப் பாடவைத்தால் தொண்டை நிரந்தரமாகக் கெட்டுவிடும். வசனம் மட்டும் உள்ள வேடங்களுக்கோ, பபூனுக்கோ, திரைக்குப் பின்னால் உள்ள வேலைக்கோ மாற்றிவிடுவதுதான் வழி. ஸ்திரீபார்ட்டுக்கு அடுத்த பையனை ஒரு வருஷம் முன்னதாகவே தயார் செய்து வைத்திராத கம்பெனி மகரக்கட்டில் மாட்டிக்கொண்டு படுத்துவிடும்.

அந்தச் சபையில் ஆறு வயதில் சேர்ந்தவர்தான் பிற்காலத்து அவ்வை டி.கே. சண்முகம். அண்ணன்மாரும் உடன் சேர்ந்தார்கள். ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்று பதிவு செய்திருப்பவரும் அவரே. கதைப்பாட்டுக்கும் கீர்த்தனைக்கும் விருத்தத்துக்கும் அச்சு தயாராக மனசில் இருந்த ஒருவருக்குத்தான் அது முடியும். 1921இல் பக்கவாதம் வந்து வாத்தியாரின் பேச்சு போயிற்று. 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது.

சண்முகமும் அண்ணன்மாருமான டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் தனிச் சபை தொடங்கியது திருவனந்தபுரத்தில். ஆனால் வைத்த பெயர் ‘மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா’. நவாப் ராஜமாணிக்கம் நடத்தியது ‘மதுரை தேவி பால விநோத சங்கீத சபா’. எம்.ஜி.ஆரும் பி.யு. சின்னப்பாவும் வளர்ந்தது ‘மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி’. எந்த ஊரில் கொட்டகை போட்டாலும் பெயருக்கு முன்னால் மதுரை இருந்தால்தான் டிக்கெட் போகும் என்ற காலம் அது. 1931இல் தமிழ் பேசும் படம் வந்தது. ஒவ்வொரு கம்பெனியாகத் தேய்ந்தது. நடிகர்கள் உதிரிகளானார்கள். ஆனால் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் பாடம் முழுசாக இருந்தது.

சுவாமிகள் எழுதியவை 68 நாடகங்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அச்சில் கிடைப்பவை அதில் ஒரு பகுதிதான். மதுரை வட்டாரத்து மேடையில் இன்றைக்கும் புழங்குபவை இன்னும் குறைவு: வள்ளி திருமணம், அரிச்சந்திரா, பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள், அல்லி அர்ஜுனா. கிறிஸ்தவ ஊர்களில் ஞானசௌந்தரி. இதிலும் வள்ளி திருமணத்துக்குத்தான் முதல் கிராக்கி. கோயில் திருவிழாவில் கல்யாணத்தில் முடிகிற கதையைத்தான் ஊர் கேட்கும். இரண்டு நாள் நாடகம் வைக்கிற ஊரில் இரண்டாம் நாளைக்கு அரிச்சந்திர மயான காண்டம் போடுவது வழக்கம். முதல் நாளே சுடுகாட்டைக் காட்ட யாரும் சம்மதிக்கமாட்டார்கள்.

இனி அந்தப் பாடம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். பாட்டு மாறாது, வசனம் மாறும். இதுதான் அடிப்படை. பாத்திரம் உள்ளே இருந்தபடியே, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு விருத்தத்தை எடுக்கும். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது. முதல் வரி முடிவதற்குள் ஆர்மோனியக்காரர் அவருடைய சுருதியைப் பிடித்துவிடுவார், மிருதங்கக்காரர் காதைத் தீட்டிக்கொள்வார். முன்பின் பழக்கமில்லாத பாடகரோடு சேர இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அதன் பிறகுதான் தாளத்தோடு பாட்டு, ஆள் வெளியே வருவது, ‘நான் இன்னார், இன்ன காரணமாக வந்தேன்’ என்கிற வசனம் எல்லாம். எதிரே நிற்பவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், விருத்தத்தின் கடைசிச் சொல் விழுந்ததும் தன் முறை வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார். நடுவில் வசனத்தை நீட்டலாம், குறைக்கலாம், உள்ளூர்ச் செய்தியைச் செருகலாம். அடுத்த பாட்டு எங்கே வரவேண்டுமோ அங்கே வந்தாக வேண்டும். பத்திருபது பாட்டுகளை முளைக்குச்சியாக அடித்துவிட்டு, நடுவில் கயிற்றைத் தொய்வாக விட்ட மாதிரி.

தர்க்கத்தில் இந்தக் கட்டுமானம் துல்லியமாகத் தெரியும். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி ஓட்டும் வள்ளியிடம் நாரதர் வந்து வாதம் செய்கிறார். ஒருவர் எடுத்த மெட்டிலேயே மற்றவர் பதில் சொல்ல வேண்டும். கேள்விப் பாட்டும் பதில் பாட்டும் பாடத்திலேயே ஜோடியாக இருக்கின்றன. தேர்ந்த நாரதர் இதற்கு மேல் கைச்சரக்காகத் திருக்குறள், நாலடியார் என்று எடுப்பார், வள்ளி விடாமல் மடக்குவாள். மதுரை ஜனம் சினிமாச் சண்டைக்கு விசிலடிப்பதைப் போல இதற்கு விசிலடிக்கும். சிக்கல் வருவதும் இங்கேதான். ஒரே பாட்டுக்கு மதுரைப் பாடம் ஒரு சொல்லாகவும் புதுக்கோட்டைப் பாடம் வேறு சொல்லாகவும் இருக்கும். ஒருவர் மூன்றாம் சரணத்தை விட்டுவிட்டு நான்காவதற்குத் தாவினால் மற்றவருக்குப் பதில் தயாராக இராது. அப்போது அடியெடுத்துக் கொடுப்பவர் ஆர்மோனியக்காரர். பின்பாட்டு பாடுவதுபோலப் பாடி, விட்ட வரியைக் காதில் போட்டுவிடுவார். கூட்டத்துக்குத் தெரியவே தெரியாது. இயக்குநர் இல்லாத நாடகத்தில் இயக்குநர் அவர்தான். சம்பளம் மட்டும் ராஜபார்ட்டை விடக் குறைவு. இது பழைய அநியாயம்.

ஆள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். விழாக் கமிட்டிக்காரர்களுக்கு உதவும். வள்ளி திருமணத்துக்கு முருகனும் அவர் மாறுவேடமான வேலனுமாக வரும் ராஜபார்ட் ஒருவர், நாரதர் ஒருவர், வள்ளி ஒருவர், பபூன், டான்ஸ் (ஆட்டக்காரி) ஆக ஐந்து பேர். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (மற்ற தாள வாத்தியங்கள்), ஜால்ரா ஆக நான்கு பேர். இந்த ஒன்பதுக்குக் கீழே போனால் நாடகம் நொண்டும். வள்ளியின் அப்பா நம்பிராஜனுக்கும் தோழிக்கும் தனி ஆள் போட்டால் பதினொன்று. சீன் செட்டுக்காரர் ஆட்களும் மைக் செட்டுக்காரர் ஆட்களும் இதில் சேராது. பணத்தைச் சிக்கனப்படுத்துகிறோம் என்று கமிட்டி முதலில் கைவைப்பது தாளக்காரர்மேல். அவர் இல்லாவிட்டால் விடியற்காலை 3 மணிக்கு மேல் மிருதங்கம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் இழுக்கும். தூக்கக் கலக்கத்தில் எல்லாரையும் ஒரே காலத்தில் பிடித்து வைப்பது அந்த ஜால்ராதான்.

நாடக ஆர்மோனியம் காலால் மிதித்து வாசிப்பது. கச்சேரியில் இடது கை துருத்திக்குப் போய்விடும். இங்கே இரண்டு கையும் கட்டைமேல் இருக்கும். அதனால் ஒரு கையால் சுருதியும் மறு கையால் பாட்டும் வாசிக்க முடிகிறது. இப்போது சிலர் கீபோர்டு கொண்டுவருகிறார்கள். பொத்தானை அழுத்தினால் கட்டை மாறிவிடும் என்பது உண்மையிலேயே வசதிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் மின்சாரம் போனால் அது வெறும் பலகை. ஜெனரேட்டர் ஓடும்வரை பாட்டைத் தாங்கிப் பிடிக்கக் கால் ஆர்மோனியம்தான் வேண்டும்.

சுருதி விவகாரம் ஸ்பெஷல் நாடகத்தின் நிரந்தரத் தலைவலி. மைக் இல்லாத காலத்தில் கடைசிப் பாய்வரை கேட்க வேண்டுமென்று ஆண்களே ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடினார்கள். பாட்டுகளின் மெட்டும் மேல் ஸ்தாயியில் நிற்கிற மாதிரியே அமைந்தது. இன்றைக்கு வள்ளி 5 கட்டை என்றால் நாரதர் 1 கட்டையாக இருப்பது நல்லது. மிருதங்கத்தின் வலந்தலையை (வலப்பக்கத் தோலை) 5இல் வைத்தால் வள்ளிக்கு அது ஸ, நாரதருக்குப் ப. இரண்டு பேருக்கும் ஒட்டும். நாரதர் 3 கட்டைக்காரராக அமைந்தால்தான் வினை. எங்கே வைத்தாலும் ஒருவருக்கு அபசுரமாகக் கேட்கும். ஒரு மிருதங்கத்தைத் தட்டி ஏற்றி இறக்கினால் அரைக் கட்டை, மிஞ்சினால் ஒரு கட்டை மாற்றலாம். அதற்கு மேல் மாற்றினால் நாதம் செத்துவிடும், வார் அறுந்தாலும் அறும். அதனால் விவரமான மிருதங்கக்காரர் இரண்டு வாத்தியத்தோடு வருவார். ஏஜெண்ட் ஆள் போடும்போதே ‘என்ன கட்டை’ என்று கேட்டு ஜோடி சேர்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முகத்தைப் பார்த்து ஜோடி போடுவதால்தான் தர்க்கம் இரைச்சலாகிறது. இதோடு பனி வேறு. மாசி, பங்குனியில் நள்ளிரவுக்கு மேல் ஈரம் இறங்கினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். மிருதங்கத்தைத் திறந்தவெளிப் பக்கம் வைக்காமல் மேடையின் உள்பக்கம் வைப்பதும், வாசிக்காத வாத்தியத்தைத் துணி சுற்றி வைப்பதும் அதற்காகத்தான்.

மைக் செட்டுக்காரர்கள் செய்யும் ஒரு தப்பையும் இங்கே சொல்ல வேண்டும். குழாய் ஸ்பீக்கரை வயக்காட்டுப் பக்கம் நூறு மீட்டர் தள்ளி வேப்பமரத்தில் கட்டிவிடுவார்கள். சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஆகவே அந்தக் குழாயிலிருந்து மேடைக்குத் திரும்பி வரும் பாட்டு கால் நொடிக்கும் மேலே பிந்தி விழும். மேடையில் சின்னதாக ஒரு ஸ்பீக்கர் பாடுபவரைப் பார்த்து இல்லையென்றால், அவர் அந்தப் பிந்திய சத்தத்தைக் கேட்டுப் பாடுவார், தாளம் தேயும். பாடகருக்கு லயம் போதவில்லை என்று ஊர் பேசும். தப்பு மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

நேரக் கணக்குக்கு வருவோம். 10 மணிக்கு வாத்தியம் கூடி, கடவுள் வாழ்த்து முடிந்து, பத்தரை வாக்கில் பபூன் வருவார். தனியாக ஒரு மணி நேரம் வரை பேச்சும் பாட்டும். அப்புறம் டான்ஸ் வந்து, இருவருக்கும் வாய்ச்சண்டை, ஆட்டம். 12 மணி வரை கதைக்கும் மேடைக்கும் சம்பந்தமே இருக்காது. குழந்தைகள் தூங்கி, வேலை முடிந்த பெண்கள் வந்து உட்கார்ந்து, கூட்டம் கூடட்டும் என்று போட்ட ஏற்பாடு இது. சுவாமிகள் பாடத்துக்குள் இது கிடையாது. நள்ளிரவுக்கு மேல் முருகனும் நாரதரும். ஒரு மணி வாக்கில் வள்ளி, ஆலோலம். 2 முதல் மூன்றரை வரை நாரதர் தர்க்கம். அதன்பின் முருகன் வேலன் என்ற வேடனாக வந்து, வள்ளியின் அண்ணன்மார் வரும்போது வேங்கை மரமாகி, பிறகு விருத்தனாக (கிழவனாக) தேனும் தினைமாவும் கேட்டு விக்கல் எடுத்து, யானையை வரவழைத்து வள்ளியைப் பயமுறுத்தி, கடைசியில் மாலை மாற்றி, ஐந்தரைக்கு மங்களம்.

இந்தக் கணக்கில் உதைப்பது எப்போதும் கடைசி மூன்றாவது பாகம்தான். பபூன் காட்சி ஒரு மணிக்கு இழுத்துவிடும். நாரதர் பெரிய ஸ்டாராக இருந்தால் தர்க்கத்தை நான்கரை வரை விடமாட்டார். வேலன் வரும்போது கிழக்கு வெளுத்திருக்கும். விருத்தன் காட்சியில் சுவாமிகள் வைத்த நகைச்சுவை, பபூன் பேசும் இரட்டை அர்த்தத்தை விட எத்தனையோ மடங்கு ருசியானது. அதைப் பத்து நிமிஷத்தில் ஓட்டிவிட்டு மாலை மாற்றிவிடுகிறார்கள். அன்பளிப்பு அறிவிப்பும் பெரிய களவு. தர்க்கம் உச்சத்தில் இருக்கும்போது ஒருவர் மேடையேறி 101 ரூபாயைக் குத்துவார், மைக்கில் அவர் பேர், அவர் அப்பா பேர், மாமன் மச்சான் பேர் எல்லாம் வாசிக்கப்படும். அடுத்த ஆள் தயாராக நிற்பார். மெட்டு அறுந்துபோகும், திரும்ப எடுக்கும்போது சூடு இருக்காது. அன்பளிப்பெல்லாம் பபூன் காட்சியோடு சரி, மீதியை மங்களத்துக்கு முன் மொத்தமாக வாசிப்போம் என்று கமிட்டி முதலிலேயே மைக்கில் சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

சட்டத்தின் பக்கம் ஒன்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை அரசு தளர்த்தலாம். அந்தக் கணக்கில் பார்த்தால் வள்ளி மேடைக்கு வருவதற்கு முன்பே மைக்கை அணைக்க வேண்டும். அனுமதிக்குக் காவல் நிலையத்துக்கு அலைவது, கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுப் போடுவது எல்லாம் இப்போது திருவிழாச் செலவில் ஒரு தலைப்பாகிவிட்டது. சில ஊர்களில் மாலை 7 மணிக்கே ஆரம்பித்து நள்ளிரவில் முடிக்கிறார்கள். ஐந்து மணி நேரம் சுவாமிகள் பாடத்துக்குத் தாராளமாகப் போதும், ‘அபிமன்யு சுந்தரி’ நான்கு மணி நேர நாடகம்தான். வெட்ட வேண்டியது பபூன் காட்சியை. ஆனால் நடைமுறையில் வெட்டுப்படுவது வேலன் காட்சி.

மேடைக்கு இருபதடி அகலம், பதினைந்தடி ஆழம் போதும். பெரும்பாலும் கோயிலைப் பார்த்தபடி இருக்கும், சாமியும் பார்க்க வேண்டுமே. சீன் செட்டில் தர்பார், தெரு, காடு, நந்தவனம் இருந்தால் எந்தக் கதையும் ஓடும். கோவில்பட்டியில் காலண்டர் சாமிப் படங்களுக்குப் பேர் வாங்கிய கொண்டைய ராஜு ஒரு காலத்தில் இப்படி நாடகத் திரை எழுதியவர்தான். அந்தச் சாமிகளுக்குப் பின்னால் இருக்கும் மாடமும் தூணும் எங்கிருந்து வந்தன என்று பழைய சீன் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேடம் கட்டும் இடத்துக்குக் கதவு வேண்டும், கண்ணாடிக்கு மேலே விளக்கு வேண்டும், பெண் கலைஞர்களுக்குக் கழிப்பறை வேண்டும். இந்தக் கடைசி ஒன்றைப் பல ஊர்கள் செய்வதே இல்லை. எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பாடினால் தொண்டை காய்ந்து மேல் ஸ்தாயி வராது. வள்ளி ஏன் 4 மணிக்கு மேல் கீழே இறக்கிப் பாடுகிறாள் என்று கேட்பவர்கள் அவருக்குக் கழிப்பறை எங்கே இருந்தது என்று முதலில் கேட்க வேண்டும். 2 மணிக்குச் சுடுதண்ணீரும் மிளகு, பனங்கற்கண்டும் மேடைக்குப் பின்னால் இருக்கட்டும். மீதிப் பணத்தை நாரதர் தர்க்கம் நடக்கும்போதே எண்ணிக் கொடுத்துவிட்டால், விடிந்த பிறகு கமிட்டித் தலைவரைத் தேடிக்கொண்டு வேடத்தோடு அலைய வேண்டியிருக்காது.

கடைசியாகப் பாடத்தைப் பற்றி. அச்சுப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் போட்டிருக்கும். மெட்டு இருக்காது. அது வயதான ஆர்மோனியக்காரர்கள் விரலில்தான் இருக்கிறது. கைப்பிரதி நோட்டுகளில் இன்ன சரணத்தை விடலாம், இன்ன இடத்தில் நிறுத்து என்று பென்சிலில் குறித்திருப்பார்கள். குருபூஜைக்கு மாலை வாங்குகிறவர்கள் அதோடு ஒரு நோட்டையும் படம் எடுத்து வைக்கலாம். பாட்டைப் பதிவு செய்தால் ஃபோனைக் குழாய் ஸ்பீக்கர் பக்கம் நீட்டாமல் ஆர்மோனியத்திலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள். முதலில் சுருதிக் கட்டையை ஒரு நிமிஷம் பிடித்து வாசிக்கச் சொல்லுங்கள். பாடுபவர் யாரிடம் பாடம் கேட்டார், அது எந்த ஊர்ப் பாடம் என்று ஆரம்பத்திலேயே அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். விருத்தத்தையும் கட்டாயம் சேருங்கள். தாளம் இல்லாத சரக்குதானே என்று பாட்டிலிருந்து மட்டும் பதிவு செய்தால், உள்ளே நிற்கிற ஆள் எந்தச் சுருதியில் எப்படி வெளியே வந்தார் என்பது அதில் இருக்காது.